தோட்டத்திற்கு வரும் ஆறுமணிக்குருவி

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில், வீட்டுக் கொல்லையில் அதற்குமுன் கண்டிராத பல நிறப் பறவையொன்று விடியற்காலையில் சோர்ந்து உட்கார்ந்திருப்பதுண்டு. பச்சை முதுகும், இறக்கையில் நீலத் திட்டும், கண்ணின்மேல் கறுப்புப் பட்டையும், அடிவயிற்றில் சிவப்பும், மிகக் குட்டையான வாலும் உடையதாயின் அது ஆறுமணிக்குருவியே. காலையும் மாலையும் ஆறு மணி சுமாருக்கு இரட்டைச் சீழ்க்கையாகக் கூவுவதால் இப்பெயர் உண்டாயிற்று. விஞ்ஞானிகள் வழங்கும் 'பிட்டா' என்னும் பெயரோ, சிறு பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லாகும். இதற்குத் தோட்டக்கள்ளன் என்றும் ஒரு பெயருண்டு. ஆனால் இக்கள்ளன் தோட்டத்திலிருந்து கொண்டுபோவது புழு பூச்சிகளையன்றி வேறொன்றுமில்லை.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாட்டிற்கும் இலங்கைக்கும் இரவில் பறந்து வருகிறது. களைத்து இறங்கியதைக் காக்கைகள் விரட்டும், பூனை பிடிக்கும், ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுவதும் உண்டு. விழுந்ததைக் கூண்டிலடைப்பது 1972-ஆம் வருஷத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமென்பதைக் கிராம அதிகாரிகள் குடிகளுக்குத் தெரிவித்தல் நலம். காயமில்லாத பறவையைக் காற்றுத் துளைகளிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, இருட்டாகவும் சந்தடியின்றியும் வைத்திருந்து, தெளிந்தவுடன் புதர் நிழலில் விட்டுவிடலாம். அலகைத் திறந்து தண்ணீர் புகட்டலாகாது; புரையேறி இறந்துபோகும். காயமிருப்பின் வன இலாகாவினருக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

இது கிளையில் இரை தேடும் பறவையன்று. உதிர்ந்த சருகைப் புரட்டியே இரை தேடும். கொல்லையைக் கண்ணாடிபோல் பெருக்கிக் குப்பையைக் கொளுத்தும் வீட்டில் இதற்கு வேலையில்லை. மாமரத்தடியிலோ வேலியோரத்திலோ சருகைக் கிடக்கவிட்டால் மண்ணின் ஈரமும் காக்கப்படும், பறவையும் சில மாதங்கள் தங்கக்கூடும். இதனால் பயிர்ப் பூச்சிகள் யாவும் ஒழியுமென்று எண்ணுவது மிகை.

படம் பிடிக்க விரும்புவோர் பறவையைத் துரத்திச் செல்லலாகாது. சருகுள்ள இடத்தருகே ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வைத்து, சில நாள் அதன் போக்கைக் கவனித்தபின், விடியுமுன் ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்துகொள்ள வேண்டும். நின்று எடுத்தால் முதுகு மட்டுமே படத்தில் விழும். தரையோடு தரையாகக் காமிராவைத் தாழ்த்தி வைப்பதே சிறந்தது. பறவை தத்திச் சென்று அசையாது நிற்கும். அந்தக் கணத்தில் எடுத்தால் மங்கலான வெளிச்சத்திலும் படம் தெளிவாயிருக்கும். கைகள் நடுங்காதிருக்க முழங்கையை ஜன்னற்படியில் ஊன்றிக்கொள்ளலாம். இனங்காண்பதற்குக் கைப்பேசிப் படமே போதும். மின்னல் விளக்கு வேண்டாம். பதிவுசெய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைப்பதும் தகாது.

படத்துடன் தேதி, நேரம், ஊர் ஆகியவற்றைக் குறித்துவைத்தாலன்றி அது வெறும் அழகுப் படமாகவே நின்றுவிடும். 2015 முதல் தமிழ்நாட்டில் நடைபெற்றுவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் இத்தகைய குறிப்புகளை இ-பேர்டு என்னும் இணையப் பதிவேட்டில் எவரும் சேர்க்கலாம். பறவை முதலில் வந்த நாளைப் பலரும் குறிக்கின்றனர். கடைசியாகக் காணப்பட்ட நாளையும் குறித்தல் வேண்டும். ஆகையால் சித்திரை வரையில் நோட்டுப்புத்தகத்தை மூடாதிருப்பது உத்தமம்.