மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கு ஒரு செருகுநிரல்

மொழிபெயர்ப்பு நமக்குப் புதியதொரு கலையன்று. வழிநூலின் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்த்தலைத் தொல்காப்பியர் மரபியலில் வைத்துள்ளார். இன்றோ, ஏடும் எழுதுகோலும் இருந்த மேசைமீது கணிப்பொறி அமர்ந்துவிட்டது. அதனுள் தமிழ் இலக்கணம் எந்த அளவுக்குப் புகுந்துள்ளது என்பதே தமிழ்த்துறையினர் கேட்க வேண்டிய வினா. ஒமேகா-டி என்னும் மென்பொருளையும், அதற்கென எழுதப்படும் செருகுநிரலையும் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

ஒமேகா-டி தானே மொழிபெயர்ப்பதில்லை. பலரும் இங்கே மயங்குவர். மனிதர் செய்யும் மொழிபெயர்ப்புக்கு அது துணை நிற்கும். மூலத்தை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துக் காட்டும். முன்பு பெயர்த்ததை ஒத்த வாக்கியம் மீண்டும் வருமாயின் பழைய பெயர்ப்பை நினைவூட்டும். நாம் தொகுத்துவைத்த கலைச்சொல் மூலத்தில் காணப்படின் அதன் நிகர்ச்சொல்லை எடுத்துக்காட்டும். ஜாவா மொழியில் அமைந்த கட்டற்ற மென்பொருளாதலின் விலையின்றிக் கிடைக்கிறது. இதன் மூல நிரலைத் தொடாமலேயே புதிய ஆற்றலொன்றைச் சேர்க்கும் சிறு துணை நிரலே செருகுநிரல் எனப்படும்.

அத்தகைய திட்டத்தைத் தொடங்குவது அரிதன்று. கிரேடில் என்னும் கருவியைக் கொண்டு அமைக்கப்பட்ட மாதிரித் திட்டமொன்றைப் படியெடுத்து, பெயரையும் பதிப்பெண்ணையும் நமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஒமேகா-டியின் 6ஆம் பதிப்புக்கு ஜாவா 11 வேண்டும். நிரல் ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றுமாக இரு செயற்கூறுகளை எழுதி, அவை அடங்கிய வகுப்பின் பெயரை ஜார் கோப்பின் முகப்புக் குறிப்பில் பதிய வேண்டும். பின்னர் அந்த ஜார் கோப்பைச் செருகுநிரல்களுக்குரிய உறையில் இட்டு மென்பொருளை மீண்டும் திறக்க வேண்டும். எதுவும் நிகழவில்லையே என்று திகைப்போர் முதலில் பார்க்க வேண்டியது அம்முகப்புக் குறிப்பையே.

சென்னையில் வாழும் நமக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. அடையாற்றை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஏ.ஐ.4பாரத் குழுவினர், அட்டவணை மொழிகள் 22க்குமான இண்டிக்டிரான்ஸ் 2 என்னும் பொறிமொழிபெயர்ப்பு அமைப்பை 2023இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டனர். இதனை ஒமேகா-டியுடன் இணைப்பதற்கும் ஒரு செருகுநிரல் போதும். ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. ஒமேகா-டி தமிழை ஈரெழுத்துக் குறியால் அறியும். இண்டிக்டிரான்ஸோ மொழியையும் எழுத்துமுறையையும் சேர்த்த நீண்ட குறியைக் கேட்கும். காசுமீரி போன்ற மொழிகள் இருவேறு எழுத்துகளில் எழுதப்படுவதே காரணம். ஒரு குறியை மற்றொன்றாக மாற்றித் தருவது செருகுநிரலின் கடமை. வெளியார் சேவையகத்தை நாடும் செருகுநிரல், அச்சேறாத கைப்பிரதியையும் வாக்கியம் வாக்கியமாக அவர்களுக்கு அனுப்பிவிடும். இண்டிக்டிரான்ஸின் சிறிய வடிவத்தை நம் கணிப்பொறியிலேயே நிறுவிக்கொண்டால் ஆசிரியரின் எழுத்து வீட்டைவிட்டு வெளியேறாது. இதை நான் பெரிதும் வற்புறுத்துவேன்.

இதுவரை கூறியவற்றைக் கணிப்பொறி பயிலும் மாணவர் தனித்தே செய்துவிடுவர். தமிழிலிருந்து பெயர்க்கும்போது எழும் சிக்கல் வேறு. பட்டியலில் ‘மரம்’ என்று இருக்கும். மூலத்தில் ‘மரத்தை’ என்று வரும். ‘அடையாறு’ ‘அடையாற்றில்’ ஆகும். வேர்ச்சொல் காணும் நிரல் இல்லையேல் இரண்டும் ஒரே சொல்லென்று பொறி அறியாது. ‘த்தை’ என்னும் ஈற்றை நீக்கி ‘ம்’ சேர்க்க என்று விதி எழுதினால் மரம் பிழைக்கும். ஆனால் அத்தை ‘அம்’ ஆவாள், நத்தை ‘நம்’ ஆகும்! அத்துச் சாரியை எங்கு வரும், எங்கு வாராது என்று அறிந்தவரே இவ்விதியை எழுத இயலும்.

ஒற்றும் அவ்வாறே. வல்லின மெய் தமிழ்ச்சொல்லின் ஈறாகாது. ஆதலின் ‘மரத்தைப்’ என்பதன் இறுதியிலுள்ள பகர ஒற்றை அஞ்சாமல் நீக்கலாம் எனத் தோன்றும். நம் வகுப்பறையின் வருகைப்பதிவேட்டைப் புரட்டினால் யூசுப்பும் அயூப்பும் ரபீக்கும் அங்கே இருப்பர். விதி அவர்கள் பெயரையும் வெட்டிவிடும். எனவே விலக்குப் பட்டியலொன்று வேண்டும். அதனை வெளிநாட்டு நிரலாளர் தொகுத்துத் தருவார் என்று காத்திருத்தல் வீண்.

சில குறைகளுக்குச் செருகுநிரலே தேவையில்லை. ‘தி. நகரில் வாங்கினார்’ என்னும் தொடரை, புள்ளியும் இடைவெளியும் கண்டவுடன் ஒமேகா-டி இரண்டாக முறித்துவிடும். வாக்கியப் பிரிப்பு விதிகளில் ஒரு விலக்கைச் சேர்த்தால் சரியாகும். பெயருக்கு முன்வரும் தலைப்பெழுத்துகளுக்கும் அதுவே மருந்து. கலைச்சொற் பட்டியலும் அத்தகையதே: மூலச்சொல், பெயர்ப்பு, குறிப்பு என ஒரு வரிக்கு மூன்று பகுதிகள், இடையே தத்தற் குறி, யூனிகோடு எழுத்து. கோட்டூர்புரத்திலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கும் கலைச்சொற்களைத் துணையாகக் கொண்டு முதலாண்டு மாணவரும் ஒரு துறைக்குரிய பட்டியலைத் தொடங்கலாம். விலக்குச் சொற்களை மூன்றாமாண்டு மாணவர் திரட்டலாம்.