வாடும் மிளகாய்ச் செடி: காரணம் அறிவது எப்படி?

வீட்டுக் கொல்லையில் பத்து மிளகாய்ச் செடிகள் நன்கு காய்த்தால், அன்றாடக் குழம்புக்கும் துவையலுக்கும் வேண்டிய பச்சை மிளகாயைப் பெரும்பாலும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அச்செடிகள் பூவும் பிஞ்சுமாய் நிற்கும் வேளையில் ஒருநாள் தலைசாய்ந்து வாடிவிட்டால் நாம் செய்வது யாது? ஒரு குடம் நீரை ஊற்றுகிறோம். மறுநாளும் வாடினால் மீண்டும் ஊற்றுகிறோம். சில நாட்களில் செடி பட்டுப் போகிறது. நீர் விட்டும் பிழைக்கவில்லையே என்று வருந்துகிறோம். ஆனால், பல சமயங்களில் நாம் ஊற்றிய நீரே அதன் அழிவை விரைவுபடுத்தியது என்பதை அறிவதில்லை.

வாட்டம் என்பது நோயன்று; நோயின் குறி. காய்ச்சல் கண்டவர் அனைவர்க்கும் ஒரே மருந்தைக் கொடுப்பாருண்டோ? செடியின் வாட்டமும் அத்தகையதே. இலைகளின் வழியே வெளியேறும் நீருக்கு ஈடாக வேரிலிருந்து நீர் மேலே செல்லாதபோது செடி வாடுகின்றது. மண்ணில் நீர் இல்லாதிருக்கலாம். நீர் இருந்தும் வேர் அழுகியிருக்கலாம். வேர் நன்றாயிருந்தும் தண்டினுள் நீர் செல்லும் குழாய்கள் அடைபட்டிருக்கலாம். வெளித்தோற்றம் மூன்றிற்கும் ஒன்றே. பரிகாரம் மட்டும் வேறு வேறு.

நேரத்தையும் மண்ணையும் பார்த்தல்

உச்சி வெயிலில் தளர்ந்த செடி மாலையில் நிமிர்ந்து நின்றால், பெரும்பாலும் அது வெயிலின் விளைவே. ஆயினும் நாளுக்கு நாள் வாட்டம் மிகுமாயின், அல்லது விடியற்காலையிலும் செடி வாடியே இருக்குமாயின், மண்ணை ஆராய வேண்டும். செடியின் அடியில் விரலை இரண்டு அங்குல ஆழம் செலுத்திப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் நீர்க்குறைவே காரணம். வேர்ப்பகுதி முழுதும் நனையுமாறு நீர் விடுங்கள். மண் ஈரமாயிருந்தும் செடி வாடியிருந்தால், காரணம் தெரியும்வரை நீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

வேருக்கும் காற்று தேவை. மண்ணின் நுண்ணிய இடைவெளிகளில் எந்நேரமும் நீரே தேங்கி நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும். குளியலறை நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஓயாமல் பாயும் கொல்லைகளில் இத்தீங்கு மிகுதி. அன்றியும், மக்காத சாணத்தையோ இரசாயன உரத்தையோ தண்டை ஒட்டிக் குவித்தாலும் வேர் கருகிச் செடி வாடும். உரத்தைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இட்டு, மண்ணோடு கிளறி விடுதல் நலம்.

ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தல்

மேற்கூறியவை காரணமல்லவெனில், மிகுதியாக வாடிய செடி ஒன்றை வேர் அறாமல் தோண்டி எடுத்து, வாளி நீரில் அலசுங்கள். எப்படியும் பிழைக்காத ஒரு செடியைப் பலியிட்டு மற்றவற்றைக் காப்பது நட்டமாகாது. பின்வரும் குறிகளைக் கவனிக்க:

1. வேர் பழுப்பாகி, தொட்டால் மேற்பட்டை உரிந்து, தண்டின் அடிப்பகுதி கறுத்திருந்தால் அது அழுகல் நோய். இதனை உண்டாக்கும் பைட்டோப்தோரா வகை நுண்ணுயிர் இனம் ஒன்றை, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து மிளகாய்ச் செடிகளில் கண்டு, 1922-ஆம் ஆண்டில் லியோனியன் என்பவர் விவரித்தார். தேங்கிய நீரே இதன் வளர்ப்புத் தாய்.

2. தண்டின் அடியில் வெள்ளை நூல் போன்ற பூசணம் படர்ந்து, கடுகு போன்ற பழுப்பு மணிகள் ஒட்டியிருந்தால், அது ஸ்கிளிரோஷியம் என்னும் பூசணத்தின் வேலை.

3. வேரில் சிறு முடிச்சுகள் நிறைந்திருந்தால் அது நூற்புழுத் தாக்குதல். பயறு வகைகளின் வேரில் காணும் நன்மை தரும் முடிச்சுகள் விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும்; நூற்புழு முடிச்சோ வேரின் வீக்கமேயாதலின் உதிராது.

4. வேர் கடிக்கப்பட்டிருந்தால் அருகில் கரையானோ வெள்ளை வேர்ப்புழுவோ உண்டா என்று மண்ணைக் கிளறித் தேடுக.

5. வேரில் இவை எதுவும் இல்லையெனில், தண்டின் அடிப்பகுதியைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்பு நிறக் கோடுகள் தெரிந்து, முன்னரே அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்திருந்தால், அது பியூசேரியம் என்னும் பூசணத்தால் வரும் வாடல் நோய்.

கண்ணாடிக் குவளைச் சோதனை

இலைகள் மஞ்சளாகாமல், பச்சையாயிருக்கும்போதே செடி திடீரென வாடினால் பாக்டீரியா வாடல் நோய் என்று ஐயுற வேண்டும். இதை உறுதி செய்ய ஆய்வுக்கூடம் தேவையில்லை. வாடிய செடியின் அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை வெட்டுங்கள். கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரை நிரப்பி, துண்டின் ஒரு முனை மட்டும் நீரில் பதியுமாறு நூலால் தொங்கவிட்டு, அசைக்காமல் வெளிச்சத்திற்கு எதிரே வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டு முனையிலிருந்து பால் போன்ற வெண்ணிற இழைகள் கீழே இறங்கினால் ஐயமில்லை. அவ்விழைகள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களின் திரளே.

1896-ஆம் ஆண்டில் எர்வின் ஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞர், தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றை வாடச் செய்யும் இந்நுண்ணுயிரை விவரித்தெழுதினார். மிளகாயும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆகவே மிளகாய் பட்டுப்போன இடத்தில் கத்தரியோ தக்காளியோ நடுவது, நோய்க்கு மறுபடியும் விருந்து வைப்பதாகும்.

பரிகாரம்

அழுகல் நோய்க்கு முதல் மருந்து வடிகால். அரை அடி உயரப் பார் அமைத்து அதன்மேல் செடிகளை நட்டு, நீரை இடைக்காலில் மட்டும் விட வேண்டும். நோய் தொடங்கியவுடன், காப்பர் ஆக்ஸி குளோரைடு மருந்தை லிட்டர் நீருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து, அண்டையிலுள்ள செடிகளின் அடியில் ஊற்றலாம். மருந்திட்டபின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதை வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிதல் அவசியம். பூசண நோய்கள் வாராமல் தடுக்க, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பதும், அதனை மக்கிய தொழுவுரத்துடன் கலந்து மண்ணில் இடுவதும் நற்பயன் தரும். நூற்புழு உள்ள நிலத்தில் வேப்பம் புண்ணாக்கு இட்டு, செண்டுமல்லியைப் பயிரிடலாம்.

பாக்டீரியா வாடல் கண்ட செடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அதனை வேர்மண்ணோடு அகற்றி எரித்துவிட வேண்டும், எருக்குழியில் இடலாகாது. தோண்டிய கருவியைக் கழுவிய பின்னரே வேறிடத்தில் பயன்படுத்த வேண்டும். அவ்விடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மக்காச்சோளம், கேழ்வரகு போன்ற தானியப் பயிர்களைச் செய்தல் நன்று.

ஊருக்கு உரிய கடமை

ஒரு வீட்டுக் கொல்லையின் நோய் அவ்வீட்டோடு நிற்பதில்லை. பாயும் நீரும், காலில் ஒட்டும் மண்ணும், கைமாறும் நாற்றும் அதனை அடுத்த வீட்டுக்கும், அதற்கப்பால் வயலுக்கும் கொண்டு செல்லும். நோயுற்ற தோட்டத்து நாற்றை அன்பினால் கொடுப்பதும் தீங்காய் முடியும். ஆதலின் ஊராட்சி உறுப்பினர்கள் தெருவோரத்தில் கழிவுநீர் தேங்காதவாறு கவனிப்பதோடு, பள்ளித் தோட்டத்திலோ கிராம சபை கூடும் இடத்திலோ இக்குவளைச் சோதனையை ஒருமுறை செய்து காட்டச் செய்யலாம். ஒரு குவளையும் ஒரு கத்தியும் இருந்தால் போதும். அதன் பின்னும் ஐயம் தீராவிடில், வாடிய செடியை வேர்மண்ணோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திற்கு எடுத்துச் சென்று காட்டுங்கள்.

அடுத்த முறை மிளகாய்ச் செடி தலைசாய்ந்து நிற்கக் கண்டால், கை குடத்தை நாடுமுன் விரல் மண்ணை நாடட்டும். காரணம் அறிந்து செய்யும் சிறு உதவி, அறியாது ஊற்றும் நூறு குடம் நீரினும் மேலானது.