தூசுக் காரில் பெயர் எழுதலாமா?

தெருவில் ஒரு கார் நிற்கிறது. ஒரு வாரமாகக் கழுவாததால் மேலெல்லாம் செம்மண் தூசு. அதைப் பார்த்ததும் உங்கள் ஆள்காட்டி விரல் சும்மா இருக்குமா? பெயரை எழுதும்; பூ வரையும்; மீசை வைத்த பொம்மை கூடப் போடும்!

கொஞ்சம் பொறுங்கள் குழந்தைகளே... காரைக் கழுவிய பிறகும், வெயிலில் சாய்வாகப் பார்த்தால் அந்த எழுத்து மெல்லிய கோடாகத் தெரியக் கூடும். விரல் மெத்தென்றுதானே இருக்கிறது, அது எப்படிக் கீறும் என்று கேட்கிறீர்களா? கீறியது விரல் அல்ல. விரலுக்கு அடியில் மாட்டிக் கொண்ட மணல் துகள்!

தூசில் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் பொடி கலந்திருக்கும். ஆற்று மணலில் நிறைய இருப்பதும் அதுதான். எந்தப் பொருள் எதைக் கீறும் என்று பார்த்து, 1812ம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஃப்ரெட்ரிக் மோஸ் ஓர் அளவுகோல் வகுத்தார். முகப் பவுடர் செய்யும் டால்க் கல்லுக்கு 1; வைரத்திற்கு 10. நம் நகம் சுமார் 2.5, ஜன்னல் கண்ணாடி சுமார் 5.5, குவார்ட்ஸோ 7! கண்ணாடியையே கீறும் துகளுக்குக் கார் பெயின்ட் எம்மாத்திரம்?

காரின் நிறத்துக்கு மேலே, நிறமில்லாத ஒரு பளபளப்புப் பூச்சு உண்டு. அதன் கனம் பெரும்பாலும் 0.05 மி.மீ. அளவுதான். கீறல் விழுந்தால் பாலீஷ் போட்டு மறைக்கலாம். ஆனால், ஒவ்வொரு முறையும் அந்தப் பூச்சு கொஞ்சம் தேய்ந்து போகும். காசும் செலவாகும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஓர் அண்ணனின் கார் என்றால் யோசித்துப் பாருங்கள்!

உலர்ந்த துணியால் துடைப்பதும் இதே கதைதான். அப்போதைக்குப் பளிச்சென்று இருக்கும். இரவில் தெருவிளக்கின் கீழ் பாருங்கள். விளக்கொளியைச் சுற்றி சிலந்தி வலை போலக் கோடுகள் தெரியும். கறுப்புக் காரில் இன்னும் நன்றாகத் தெரியும்.

சந்தேகமா? வீட்டில் பயன்படாத பழைய சி.டி. ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பளபளக்கும் பக்கத்தில் சிறிது மணல் தூசைத் தூவி, ஒரு பாதியை மட்டும் உலர்ந்த துணியால் தேயுங்கள். பிறகு முழுவதையும் குழாயில் கழுவி, விளக்கில் சாய்த்துப் பாருங்கள். எந்தப் பாதி கீறியிருக்கிறது?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அப்பாவுடன் சேர்ந்து காரைக் கழுவப் போகிறீர்களா? நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள். வெயிலில் தண்ணீர் சட்டென்று காய்ந்து உப்புத் திட்டு விழும். போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். முதலில் துணியைத் தொடாதீர்கள். கூரையிலிருந்து கீழ்நோக்கி மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தூசு ஊறித் தானாக வழிந்து ஓடட்டும். வேலையில் பாதி இதுதான்!

பிறகு இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர். மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் துணியை ஷாம்புவில் நனைத்து, அழுத்தாமல், நேர்க்கோட்டில் துடையுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். இல்லாவிட்டால், எடுத்த மணலையே திரும்பவும் காரில் பூசுவோம். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். காரில் போட்டிருக்கும் மெழுகை அது எடுத்துவிடும். தேங்காய் நார் பக்கமே போகாதீர்கள்!

கதவின் அடிப்பகுதியில்தான் மணல் அதிகம். அதைக் கடைசியில் துடையுங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. துடைக்கும்போது துணி தரையில் விழுந்துவிட்டதா? உதறிவிட்டுத் தொடராதீர்கள், அதை ஓரமாகப் போட்டுவிட்டு வேறு துணி எடுங்கள்.