கேட்டு வகுத்த திட்டம், கேளாமல் வரைந்த படம்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து திருவனந்தபுரம் செல்வோரில் பலர் வந்து இறங்கும் இடம் தம்பானூர். சாலையின் ஒரு புறம் 1931இல் திறக்கப்பட்ட மத்திய ரயில் நிலையம். மறுபுறம் அரசுப் பேருந்து நிலையம். மருத்துவத்துக்கும் கல்விக்கும் வேலைக்குமாக வரும் சிற்றூர் மக்களுக்கு மாநகரின் தலைவாயில் இதுவே. பெருமழை பெய்தால் இந்த வாயிலில் வெள்ளம் தேங்குவது நெடுங்காலத் துன்பம்.

காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ரயில் நிலையத்தின் அடியில் ஆமயிழஞ்சான் தோடு என்னும் ஓடை செல்கிறது. நகரின் மழைநீரை ஆக்குளம் காயலுக்குக் கொண்டு சேர்க்க வேண்டிய அந்த ஓடை, ஆக்கிரமிப்பாலும் வண்டலாலும் குப்பையாலும் குறுகிப்போனது. 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் வடிகால்களை மீட்கும் பணி நடைபெற்றது. ஆயினும் 2024 ஜூலையில், ஓடையின் குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் நீரோட்டத்தில் சிக்கி உயிரிழந்தார். ரயில் நிலையம், சாலை, குடியிருப்பு என ஒவ்வொன்றும் தனித்தனியே வளர்ந்த இடத்தில், நீரின் வழியை முழுமையாகப் பார்ப்பவர் இல்லாமற் போனதன் விலை இது. எந்தத் தெருவில் நீர் முதலில் ஏறும், எந்த மதகு அடைபடும் என்பதை அங்கு வாழ்வோர் அறிவர். அந்த அறிவு திட்டத்துக்குள் நுழைய ஒரு வழி வேண்டும்.

அத்தகைய வழியொன்றை நாட்டுக்குக் காட்டிய பெருமையும் கேரளத்துக்கே உரியது என்பதுதான் வியப்பு.

1996: கேட்டு வகுத்த திட்டம்

1992இல் நிறைவேறிய 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் திட்டமிடும் பொறுப்பை அளித்தன. பொறுப்பு வந்தது, பணம் பின்தொடரவில்லை. கேரளம் 1996 ஆகஸ்ட் 17 அன்று, மலையாளப் புத்தாண்டான சிங்ஙம் முதல் நாளில், மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்படும் என அரசு அறிவித்தது. எனவே கூட்டத்தில் பேசுவோரின் சொல்லுக்குப் பின்னால் செலவிடத்தக்க பணம் இருந்தது.

கருத்துக் கேட்ட முறையும் கவனிக்கத்தக்கது. பெருங்கூட்டத்தில் ஒலிபெருக்கி முன் நின்று பேசச் சொன்னால், பேசிப் பழகியவர்களே பேசுவர். ஆகவே கிராம சபைக்கு வந்தோர் வேளாண்மை, குடிநீர், கல்வி, நலவாழ்வு எனத் துறைவாரியாகச் சிறு குழுக்களாய் அமர்த்தப்பட்டனர். பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர் குழுவின் உரையாடலை நடத்திக் குறிப்பெடுத்தார். அக்குறிப்புகளோடு ஊரின் வரலாறு, வளம், குறைகள் ஆகியவற்றையும் சேர்த்து ஒவ்வோர் உள்ளாட்சியும் வளர்ச்சி அறிக்கை எழுதியது. அது கருத்தரங்கில் விவாதிக்கப்பட்டு, பணிக்குழுக்களின் கையில் திட்டங்களாக உருவெடுத்தது. 990 ஊராட்சிகளில் இவ்வாறு ஊர் தன்னைத் தானே எழுதிப் பார்த்தது. நிதியில் 10 விழுக்காடு பெண்களுக்கான திட்டங்களுக்கு என வரையறுக்கப்பட்டது.

குறைகளும் இருந்தன. தொடக்க ஆர்வம் தணிந்தபின் பல ஊர்களில் கூட்டம் மெலிந்தது. உதவி பெறுவோர் பட்டியலுக்காக மட்டும் மக்கள் வரும் நிலையும் தோன்றியது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கம் இதற்கு ஓரளவு விடை தந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சிறு தொகையைச் சேமித்து, வங்கிக் கடன் பெற்று, வாரந்தோறும் கூடும் அயல்கூட்டங்களில் ஊர்ப் பிரச்சினைகளையும் பேசினர். அங்கு பேசிப் பழகிய பெண்களின் குரல் கிராம சபையிலும் ஒலித்தது. சேமிப்புக்காகக் கூடிய கூட்டம் திட்டமிடலுக்கும் பள்ளிக்கூடமாயிற்று.

2012: கேளாமல் வரைந்த படம்

2010இல் ஸ்ரீகாரியம், குடப்பனக்குன்னு, வட்டியூர்க்காவு, கழக்கூட்டம், விழிஞ்ஞம் ஆகிய ஐந்து ஊராட்சிகள் திருவனந்தபுரம் மாநகராட்சியோடு இணைந்தன. நேற்றுவரை ஊராட்சியாக இருந்த இடங்கள் ஒரே நாளில் நகரமாயின. அதன்பின் ‘மாஸ்டர் பிளான்’ எனப்படும் முழுமைத் திட்டத்தின் வரைவு 2012இல் உருவானபோது, இப்பகுதிகளில் கடும் எதிர்ப்பு எழுந்தது. தம் வீடும் தோப்பும் படத்தில் எந்த வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன, நாளை வீட்டுக்கு ஓர் அறை சேர்க்க முடியுமா, நிலத்தை விற்க முடியுமா என்பவை மக்களின் கேள்விகள். இறுதியில் அவ்வரைவு நிறுத்திவைக்கப்பட்டது.

இதில் இழப்பு இரு தரப்புக்கும் உண்டு. மக்களுக்கு அலைச்சலும் அச்சமும். நகருக்கோ, காலத்துக்கேற்ற திட்டமின்றிக் கழிந்த ஆண்டுகள். அந்த ஆண்டுகளிலும் வீடுகள் எழுந்தன, சாலைகள் நிறைந்தன, ஓடைகள் குறுகின. வரைந்து முடித்தபின் ஆட்சேபணை கேட்பதற்கும், வரையத் தொடங்குமுன் கருத்துக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு நிகழ்வுகளும் அருகருகே காட்டுகின்றன. முன்னதில் மக்கள் தடுப்பவர்களாகவே வர இயலும். பின்னதில் வகுப்பவர்களாக வருகின்றனர்.

நம் ஊரில் நமக்கான இடம்

தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றோடு, உலக நீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கிராம சபை கூடுகிறது. நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் நடைபெறுகின்றன. இவை விடுமுறை நாளில் கழியும் சடங்காவதும், ஊரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் அவையாவதும் நம் வருகையைப் பொறுத்தவை.

செல்லுமுன் சிறிது ஆயத்தம் வேண்டும். ஏரியின் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, பள்ளி செல்லும் பிள்ளைகள் எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறார்கள், முதியோர் மருந்துக்கு எவ்வளவு தொலைவு நடக்கிறார்கள் என்பனவற்றைப் பத்துப் பேர் கூடி ஒரு தாளில் குறிப்பது பெரிய செயலன்று. கண்ணூர் மாவட்டத்துக் கல்லியாசேரியில் 1990களின் தொடக்கத்தில் ஊர் மக்களே தெருத் தெருவாக நடந்து தம் ஊரின் வளவரைபடத்தைத் தயாரித்தனர். பின்னாளில் எழுந்த மாநில இயக்கத்துக்கு அது முன்னோடிகளுள் ஒன்றாயிற்று. கோரிக்கையை வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல் எழுதிக் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் இடம்பெற்றதா எனப் பார்ப்பதும் நம் கடமை.

நம் வாடிக்கையாளர்களுக்கு இதில் நேரடியான நலனும் அடங்கியிருக்கிறது. வாழ்நாள் சேமிப்பையும் இருபது ஆண்டுக் கடனையும் ஒரு மனையில் இடுமுன் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் நாம் கவனமாகப் பார்க்கிறோம். அதே கவனத்தோடு, முழுமைத் திட்டத்தில் அந்நிலம் குடியிருப்பா, வேளாண்மையா, தொழிலுக்கானதா என்றும், சாலை விரிவாக்கக் கோடு அதன்மீது செல்கிறதா என்றும், மழைநீர் எவ்வழி வடிகிறது என்றும் விசாரிப்பது நன்று. உங்கள் ஊருக்கான வரைவுத் திட்டம் வெளியிடப்பட்டால், ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் உரிய காலக்கெடு அறிவிக்கப்படும். அந்நாள்களில் உள்ளாட்சி அலுவலகத்திலோ நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ படத்தைப் பார்த்து, உங்கள் புல எண்ணைத் தேடி, சொல்ல வேண்டியதை எழுத்தில் அளித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

ஓடை எங்கே ஓடியது என்று ஊரின் முதியவர் ஒருவருக்கு இன்று தெரியும். அவர் சொல்வது வரைபடத்தில் ஏறிவிட்டால், அடுத்த தலைமுறையின் வீட்டு வாசலில் தண்ணீர் நில்லாது. அடுத்த கூட்டத்துக்கு அவரையும் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம்.