பெச்சுவானாலாந்துக் கோப்புகள்

இன்று போட்ஸ்வானா என்று வழங்கும் நாடு, 1885 முதல் 1966 வரை பெச்சுவானாலாந்து என்ற பெயரில் பிரித்தானியக் காப்பரசாக, அதாவது உள்ளூர்த் தலைவர்களை இருத்திக்கொண்டே மேலாட்சியைப் பிரித்தானியா தன் கையில் வைத்திருந்த நிலப்பகுதியாக இருந்தது. அதன் நிருவாகத் தலைமையகமோ எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மாஃபெகிங் நகரில் பல பத்தாண்டுகள் இயங்கியது. அங்கிருந்த ஆணையர் எழுதியவை உயர் ஆணையர் வழியாக லண்டனுக்குச் சென்றன. அவற்றில் பல இப்போது லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படிக்கக் கிடைக்கின்றன.

இத்தகைய கோப்பில் இரு குரல்கள் உண்டு. வெளியே அனுப்பப்பட்ட மடலும் தந்தியும் அளந்து எழுதிய நடையில் இருக்க, அவற்றுக்கு முன் அலுவலர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகளில் தயக்கமும் கணக்கும் அப்படியே தெரியும். குறிப்புக் கோப்பு, நடப்புக் கோப்பு என்று நம் அரசு அலுவலகங்கள் பிரிப்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று.

இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிவது செரெட்சே காமா விவகாரத்தில்தான். பாமங்வாட்டோ மக்களின் தலைமைக்கு உரியவரான அவர், லண்டனில் சட்டம் பயின்றபோது, 1948இல், ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைப் பெண்ணை மணந்தார். 1949 ஜூனில் செரோவேயில் கூடிய கொட்லா எனப்படும் பொதுவவை அவரை ஏற்றது. நிறவெறியை அரசுக் கொள்கையாக்கத் தொடங்கியிருந்த தென்னாப்பிரிக்கா கொதித்தது. போரால் நலிந்திருந்த பிரித்தானியாவுக்கோ அந்நாட்டின் தங்கமும் யுரேனியமும் வேண்டியிருந்தன.

இதை ஆராயப் பிரித்தானியத் தரப்பு அமைத்த, நீதிபதி வால்டர் ஹாரகின் தலைமையிலான விசாரணைக் குழு, கொட்லா முறையாகக் கூடியது என்றும் செரெட்சே தகுதியுடையவர் என்றும் ஒப்புக்கொண்ட பின்னும், அவரைத் தலைவராக்க வேண்டாம் என்றே முடித்தது. தென்னாப்பிரிக்கா தன் மண்ணில் அவர் நுழையத் தடை விதித்துவிட்டதால் மாஃபெகிங் தலைமையகத்துக்கு அவரால் போக முடியாது என்பது அதன் காரணங்களுள் ஒன்று. தலைமையகத்தை அடுத்த நாட்டில் வைத்தவர்களின் பிழைக்கு அந்த இளைஞர் தண்டம் கட்ட நேர்ந்தது.

தென்னாப்பிரிக்காவின் எதிர்ப்பை அந்த அறிக்கை ஒளிக்காமல் எழுதியிருந்ததால் லண்டன் அதைப் பூட்டிவைத்தது. முடிவில் அந்நாட்டுக்குப் பங்கில்லை என்று 1950 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்ன அரசு, செரெட்சே தாயகத்தில் வாழ்வதையே தடுத்தது. 1956இல் தலைமை உரிமையைத் துறந்து தனிக் குடிமகனாகத் திரும்பிய அவர், 1966 செப்டம்பர் 30 அன்று போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவரானார். அப்போதும் ஹாரகின் அறிக்கை வெளிவந்திருக்கவில்லை.