பகிரப்பட்ட திறப்பும் ஓர் அமானிதமே

ஊரிலுள்ள ஸகாத் அமைப்பொன்றின் பதிவேட்டு வேலைகளில் நான் உதவி வருகிறேன். விதவைகள், கடனாளிகள், அநாதைப் பிள்ளைகள் என உதவி கோரியோரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்ப நிலை யாவும் அதில் உள்ளன. அவை இப்போது மைக்ரோசொப்டின் அசூர் மேகக் கணினியில் இருக்கின்றன. காரியாலயத்தையும் அதையும் வீபீஎன் எனும் பாதுகாக்கப்பட்ட வழி இணைக்கிறது.

அவ்வழிக்கு ஒரு திறப்பு உண்டு. அது ஓர் இரகசியச் சொல். காரியாலய ரவுட்டரிலும் அசூர் நுழைவாயிலிலும் ஒரே சொல் இருக்க வேண்டும். அதை வைத்தே ஒரு பக்கம் மறுபக்கத்தை அடையாளம் காண்கிறது.

இதை அமைத்துத் தந்த இளைஞர் வெளிநாடு சென்று இரண்டு வருடங்களாகின்றன. சொல் மாறவில்லை. அவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தியில் அப்படியே கிடந்தது. அவர் நேர்மையானவர்தான். ஆனால், அவரது தொலைபேசி களவு போனால்?

மாற்றுவது கடினமல்ல. பவர்ஷெல்லில் ஓரிரு வரிக் கட்டளை போதும். 'செட்' கட்டளை நாம் கொடுக்கும் சொல்லைப் பதியும். 'ரீசெட்' கட்டளை, நாம் குறிப்பிடும் நீளத்தில், 128 எழுத்துகள் வரை, புதிய சொல்லொன்றைத் தானே உருவாக்கும். நாம் யோசித்தால் ஊர்ப் பெயரும் பிறந்த வருடமும் புகுந்துவிடும். எனவே இரண்டாவதே சிறந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: கட்டளை அசூர் பக்கத்தை மட்டுமே மாற்றும். ரவுட்டர் தானாக மாறாது. புதிய சொல்லை அங்கும் இடும்வரை இணைப்பு மீண்டும் ஏற்படாது. இணைப்பு ஏற்படும் வேளையில்தான் சொல் சரிபார்க்கப்படுகிறது. ஆகவே பழைய இணைப்பு சற்று நேரம் ஓடிப் பிறகு அறுந்துபோகவும் கூடும். நாங்கள் காரியாலயம் மூடிய பின், இஷாத் தொழுகை முடிந்து, ரவுட்டரருகே ஒருவரை வைத்துக்கொண்டே மாற்றினோம். இணைப்பைத் துண்டித்து, மீண்டும் ஏற்படுத்திச் சோதித்த பின்னரே வீடு திரும்பினோம். புதிய சொல்லைக் கட்டளைக் கோப்பிலோ வட்ஸ்அப்பிலோ எழுதிவைக்கவில்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறரது விபரங்களை வைத்திருப்போர் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. சட்டத்துக்கு முன்பே அமானிதம் நமக்குக் கடமையாகிவிட்டது.

பள்ளிவாசல் நிர்வாகம் மாறும்போது திறப்புக் கொத்தை எண்ணி வாங்குகிறோம். கண்ணுக்குத் தெரியாத இந்தத் திறப்பை யாரும் கேட்பதில்லை. உங்கள் அமைப்பில் அது யார் யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.