ஊருக்கே தெரியும், புகார் மட்டும் இல்லை: ‘தலைக்கூத்தல்’ வழக்குகளில் போலீஸ் திணறுவது ஏன்?

2010-ம் ஆண்டு. விருதுநகர் மாவட்டத்தில் 80 வயது முதியவர் ஒருவர், வீட்டில் நடந்த பேச்சைத் தற்செயலாகக் கேட்டுவிட்டார். அவருடைய நிலத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே! அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. உறவினர் வீட்டுக்குத் தப்பி ஓடினார். அதன் பிறகுதான் ‘தலைக்கூத்தல்’ பற்றிய செய்திகள் தமிழகத்துக்கு வெளியேயும் பரவின.

தலைக்கூத்தல் என்றால் என்ன?

படுத்த படுக்கையாகிவிட்ட முதியவரை, குடும்பத்தாரே சேர்ந்து ‘அனுப்பி வைக்கும்’ வழக்கம். அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, இளநீர் கொடுப்பது என்று அது தொடங்கும். தளர்ந்த உடல் தாங்காது. போலி மருத்துவர்கள் மூலம் ஊசி போடும் கதைகளும் உண்டு. விருதுநகர், மதுரை, தேனி வட்டாரங்களில் இது காலங்காலமாகப் பேசப்படுகிறது. ‘பாரம்’, ‘கே.டி. என்கிற கருப்புதுரை’, ‘தலைக்கூத்தல்’ ஆகிய படங்கள் இதை மையமாக வைத்து வந்தவைதான்.

உள்ளூர்க்கார அதிகாரி வந்தால் கண்டுபிடித்துவிடலாமா?

சொந்த ஊருக்குத் திரும்பும் துப்பறிவாளர், அடுத்தடுத்து மர்மக் கொலைகள், கடைசி எபிசோடில் கொலையாளி யார் என்ற ட்விஸ்ட்... வெப் சீரிஸ் பார்ப்பவர்களுக்கு இது பழகிய கதை. அப்படி ஒரு அதிகாரி இந்த மாவட்டத்துக்கே திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே ட்விஸ்ட்டே இல்லை. செய்தது யார் என்று ஊருக்கே தெரியும்.

இழவு வீட்டில் “பெருசு ரொம்ப நாளா இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு, நேத்துதான் தலைக்கு ஊத்துனோம்” என்று யாராவது சொன்னால், வெளியூர் அதிகாரி அதைச் சாதாரணக் குளியல் என்று கடந்துவிடுவார். அந்த மண்ணில் வளர்ந்தவருக்குச் சட்டென்று பொறி தட்டும். ஆனால், சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு. அவர் முட்டி நிற்கும் இடங்கள் மூன்று.

• புகார் இல்லை: மகனும் மகளும் சேர்ந்து எடுத்த முடிவு என்றால் ஸ்டேஷனுக்குப் போவது யார்?

• உடல் இல்லை: பெரும்பாலும் அன்றோ மறுநாளோ தகனம் முடிந்துவிடும். ‘வயசாயிடுச்சு’ என்ற காரணத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. பிரேதப் பரிசோதனையும் நடக்காது. புதைத்திருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவுடன் தோண்டி எடுக்கலாம்; எரித்துவிட்டால் அந்த வழியும் போச்சு.

• ஆயுதம் இல்லை: எண்ணெயும் இளநீரும் இல்லாத வீடு எது? ஏற்கெனவே நோயாளியாக இருந்தவர் குளியலால்தான் இறந்தார் என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது மிகக் கடினம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தில் ‘தலைக்கூத்தல்’ என்று தனிக் குற்றம் கிடையாது. திட்டமிட்டு உயிரைப் பறித்தால் அது கொலை. பாரதிய நியாய சன்ஹிதா 103-வது பிரிவின்படி மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 2024 ஜூலை 1-க்கு முன்பு நடந்தது என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 302.

குடும்பம்தான் புகார் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சந்தேக மரணம் என்று யார் தகவல் தந்தாலும் போலீஸ் விசாரிக்கலாம், உடலைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஒரு கொலை நடக்கப்போகிறது என்று தெரிந்தவர், தகுந்த காரணம் இல்லாமல் மறைக்கக் கூடாது. போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்ல வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33-வது பிரிவு.

‘கருணைக் கொலைதானே?’

இல்லை. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் அனுமதித்தது, மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதை மட்டுமே. அதற்கும் மருத்துவக் குழுக்களின் ஒப்புதல் தேவை. தலைக்கூத்தலில் டாக்டர் இல்லை. பெரும்பாலும் அந்தப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்பதுகூட இல்லை.

ஏன் இப்படி?

சொத்து ஒரு காரணம். ஆனால் சொத்தே இல்லாத வீடுகளிலும் இது பேசப்படுகிறது. மானாவாரி நிலம், கைக்கும் வாய்க்குமான வருமானம். சிவகாசி, சாத்தூர் பக்கம் விடிந்ததும் வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ போகிறவர்களுக்கு, ஒருநாள் லீவு என்றால் ஒருநாள் கூலி போச்சு. படுக்கையில் கிடப்பவருக்கு யார் கஞ்சி ஊற்றுவது, யார் புரட்டிப் படுக்க வைப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டில்தான் அந்தப் பேச்சு எளிதாக எழுகிறது. இது குற்றத்துக்கு நியாயம் ஆகாது. ஆனால் கைது மட்டுமே இதைத் தடுத்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

முன்கூட்டியே என்ன செய்யலாம்?

உயிர் போன பிறகு தடயம் தேடுவதைவிட, போவதற்கு முன் தலையிடுவதே நடைமுறையில் பலன் தரும்.

• ஆபத்து உடனடி என்றால் 112.

• முதியோருக்கான ‘எல்டர்லைன்’ இலவச எண்: 14567.

• 2007-ம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ‘கடைசிவரை பார்த்துக்கொள்வோம்’ என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யவும் இதில் வழி உண்டு.

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பேரனுக்கு ஊரிலிருந்து போன் வருகிறது: “அப்பத்தாவுக்கு ரொம்ப முடியலப்பா. தலைக்கு ஊத்திரலாம்னு பேசிக்கிறாங்க.” அடுத்த பஸ் டிக்கெட் கிடைக்கும்வரை காத்திருக்காமல், அந்த போனை வைத்ததும் 112-ஐ அழைத்தால், போலீஸ் போய்ச் சேரும்போது அப்பத்தா உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு.